எலக்ட்ரோடு அக்காவும் பீலித் தண்ணியும்

இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே நாக்கை நம்பாத ஒரே மனுஷி எங்கள் எலக்ட்ரோடு அக்காதான். பதுளையில் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் அவர் கெமிஸ்ட், நான் கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது.

எலக்ட்ரோடு என்பது பேனா நீளத்தில் ஒரு குச்சி. தண்ணீரில் முக்கினால், கரைந்திருக்கும் அயன் என்ற மின்துகள் எவ்வளவு என்று மீட்டர் எண்ணாகக் காட்டும். ஒவ்வொரு அயனுக்கும் ஒரு குச்சி. அக்கா அத்தனையையும் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிவார். பதுளைக் குளிரில் அவருக்கு ஸ்வெட்டர் கிடையாது. குச்சிகளுக்குக் கம்பளி உறை உண்டு. ஒரு கல்யாண வீட்டில் மோருக்குள் குச்சியை விட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பதறிப்போய், "ஏம்மா, மோருக்குக் காய்ச்சலா?" என்றார்.

"காய்ச்சல் இல்லீங்க, புளிப்புதான் கூட."

சொன்ன அக்கா சிரிக்கவே இல்லை.

எங்கள் மகள் பிறந்த சில வாரத்தில், நமுனுகுலவில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டுக்கு அக்கா வந்தார். பிள்ளையின் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. குளிர்தான் என்று என் மனைவி போர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா பிள்ளையைக் கொஞ்சவில்லை.

"பால்மா எந்தத் தண்ணில கரைக்கிறீங்க?"

"மலையிலருந்து குழாய்ல விழுற பீலித் தண்ணிதான் அக்கா. நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறேன்," என்றாள் மனைவி.

"பீலிக்கு மேல என்ன இருக்கு?"

"தேயிலை மலைதான். இப்பதான் உரம் போட்டாங்க."

ஆறியிருந்த தண்ணீரில் குச்சியை முக்கினார். மீட்டரைப் பார்த்ததும் குச்சியை உறைக்குள் போடாமலே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது உரத்து நைட்ரேட். கொதிக்க வச்சா கிருமி சாகும், இது சாகாது. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். பச்சப்புள்ள ரத்தத்துல மூச்சுக்காத்து ஏற விடாது. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

"புள்ளயப் பாக்க வந்த எடத்துல பேசுற பேச்சா இது?" என்று மனைவி சீறினாள். அக்கா பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்தார். நாங்கள் பின்னாலேயே ஓடி ஏறினோம்.

ரத்தத்தைப் பார்த்த டாக்டர், "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க," என்றார். ஊசி மருந்து ஏறி, மகளின் உதடு மெல்லச் சிவந்தது. அக்கா வராந்தாவில் வெறுங்காலோடு நின்று, ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நர்சைக் குடைந்துகொண்டிருந்தார்.

பிறகு தோட்டத்தை நடத்தும் துரையைப் பிடித்தார். காட்டு ஊற்றிலிருந்து லயத்துக்குப் புதுக் குழாய் வரும்வரை விடவில்லை. அக்கா வருவது தெரிந்தால் துரை தேயிலை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார் என்று ஃபேக்டரியில் பேச்சு.

மகள் இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சமையல் முடிந்து இலை போட்டாலும், அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்வரை யாரும் உட்காரக் கூடாது. என் மனைவியின் உத்தரவு.