தராசில் ஏறாத நரி

கருணையை கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்த பெருமை உலகத்திலேயே ஒருவரைத்தான் சேரும். அவர்தான் விலங்கு ரோம எதிர்ப்புச் சங்கத்தின் தலைவர். ஒவ்வொரு சுவரொட்டியையும் ஐந்து பேர் கொண்ட 'ஆய்வுக் குழு'வுக்குக் காட்டுவார். பார்ப்பதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய கைக்குட்டைகளைத் தராசில் வைப்பார். நாலு கிராம் கண்ணீர் ஏறினால் அச்சகம்; மூன்றரை என்றால் குப்பைக்கூடை. அப்பேர்ப்பட்ட கறார்.

அந்த மகத்தான அறைக்குள் கால்நடை டாக்டரம்மா ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நுழைந்தாள். விவரம் தெரியாதவள், பாவம். உள்ளே, தோலுக்காக நரி வளர்க்கும் ரோமப் பண்ணையிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஒற்றைக் காது நரி. காலில் விழாத குறையாக அவள் கெஞ்சியதில் பண்ணைக்காரன் கொஞ்சம் இறங்கி வந்திருந்தான். சாயங்காலம் ஐந்துக்குள் யாராவது ஏற்றுக்கொண்டால் விட்டுவிடுவான். இல்லையென்றால் தோலை உரித்துவிடுவான்.

"சார், பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு. இதை வச்சுக்குங்க. தீனி, மருந்து எல்லாம் என் பொறுப்பு."

"முதல்ல குழு பார்க்கட்டும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

குழு பார்த்தது. நரி உறுமியது. கூண்டிலிருந்து அடித்த வாடைக்கு ஐந்து கைக்குட்டைகளும் மூக்குக்குப் போயின. நிறுத்துப் பார்த்தார்கள். முள் அசைந்துகொடுக்கவில்லை.

"கண்ணுல சோகமே இல்லையே. எரிச்சல்தான் தெரியுது," என்றார் மூத்த உறுப்பினர்.

"கம்பியைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லெல்லாம் போச்சு. எரிச்சல் வராம என்ன செய்யும்?"

"நியாயம்தான். ஆனா ஜனங்க அழ மாட்டாங்களே. அதோ, அந்த முயலைப் பாருங்க. ஆறு கிராம்."

ஏசிக்கு நேர் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டு மெத்தையில் முயல் வீற்றிருந்தது. சுவரொட்டிப் படத்துக்காகப் பொம்மைக் கடையில் வாங்கியது. உள்ளே முழுக்கப் பஞ்சு.

டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பஞ்சுக்கு மெத்தை போட்டிருக்கீங்க. உயிரோட இருக்கிறதுக்கு ஒரு மூலை இல்லையா?"

மணி நாலே முக்கால். அவள் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தலைவர் பண்போடு வாசல்வரை கூடவே வந்தார். அவருக்குக் குரல் தழுதழுத்தது.

"மனசைத் தளரவிடாதீங்கம்மா. அஞ்சு மணிக்குத்தானே உரிப்பாங்க? அஞ்சரைக்கு நம்ம போட்டோகிராஃபரை அனுப்பறேன். தோல் இல்லாம எடுத்தா, எட்டு கிராமுக்குக் குறையாது."