அறுபத்து நான்காவது எதிரி

உலகிலேயே பாதுகாப்பான இடம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் நம் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் வீட்டு ஹாலைக் காட்டலாம். டி.வி.க்குப் பக்கத்தில் ரவுட்டர். அதற்குக் காவலாக, வெளியார் நுழைவைத் தடுக்கும் புத்தம் புது ஃபயர்வால் பெட்டி. இரண்டுக்கும் மேலே சுவரில் சுற்றறிக்கை எண் 1: 'வெளிநாட்டுத் தொடர்பு எதுவும் அனுமதிக்கப்படாது.' வீட்டிலிருந்த இரண்டு கைபேசிகளுக்கும் அதே உத்தரவு. ஓர் அலுவலகத்தையே முப்பது வருடம் மேய்த்தவருக்கு இதெல்லாம் ஜுஜுபி.

பெட்டி தடுத்த ஒவ்வொரு தாக்குதலையும் அவர் தம் கைப்படப் பதிவேட்டில் ஏற்றி, காலைக் 'கூட்டத்தில்' வாசிப்பார். கூட்டத்துக்கு வருவது மனைவி மட்டும்தான்.

"நேத்து ஒம்பது எதிரி. எல்லாம் ஒரே நாட்டுக்காரனுங்க. சொல்லி வெச்ச மாதிரி சாயந்திரம் ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறானுங்க. அத்தனையும் 'முறியடிக்கப்பட்டது'."

"பொண்ணு பேசி எட்டு நாளாச்சுங்க. கடல் தாண்டி நிறைமாசமா இருக்கா. நான் கூப்பிட்டாலும் போக மாட்டேங்குது."

"அங்க சிக்னல் கோளாறா இருக்கும். நிகழ்ச்சி நிரல்ல இல்லாததைப் பேசாதே."

"மாடி வீட்டுப் போன்ல ஒரு வார்த்தை பேசிட்டு வரட்டுமா?"

"குடும்ப ரகசியம் கசியும். அனுமதி இல்லை."

மறுநாள் கூட்டம் நடக்கும்போதே மாடி வீட்டுத் தையல்காரம்மா போனும் கையுமாக இறங்கி வந்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு லைன்ல இருக்கு. முன்னாடி துணி தைக்கக் குடுத்தப்ப வாங்கின என் நம்பரைத் தேடிப் பிடிச்சிருக்கு. உங்க வீட்டு நெட்டு செத்துப்போச்சான்னு கேக்குது."

"நெட்டுக்கு என்ன? ஈ எறும்பு நுழைய முடியாது," என்றார் கண்காணிப்பாளர்.

"அதானே சார். நாங்க ஒரு வருஷமா அதுலதான் படம் பாக்குறோம். பாஸ்வேர்டுதான் ரவுட்டருக்கு அடியிலேயே ஒட்டியிருக்கே."

மனைவி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட, மகள் பேசினாள். "பொண்ணு பொறந்து மூணு நாளாச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்பகூடக் கூப்பிட்டேன். பயமா இருந்துச்சு. தினமும் வேலை விட்டு வந்ததும் அவரும் கூப்பிட்டுப் பாத்தாரு. அப்பாவுக்கு என் மேல என்ன கோபம்?"

மனைவி பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதிவேட்டை இழுத்து, அறுபத்து மூன்றாவது வரிக்குக் கீழே நிதானமாக எழுதினாள்: 'எதிரி எண் 64: பேத்தி. வயது மூன்று நாள். எடை மூன்று கிலோ. முறியடிக்கப்பட்டது.'

பிறகு பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"அதிகாரி கையெழுத்து இல்லாம செல்லாதே. போடுங்க."