கிட்டாரில் ஒட்டியிருந்ததை உரித்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். தங்கள் வீட்டிலும் அனைவரும் நலமென நம்புகிறேன். கிட்டார் மட்டும் நலமாக இல்லை. ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், ஃபோன் என்றால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள்.

மாப்பிள்ளையாகப் போகிற தங்கள் மகனின் கிட்டார் சில வாரங்களாக எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். "அவரோடதுப்பா, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்" என்று என் மகள்தான் கொண்டுவந்து வைத்தாள். என் தொழில் தங்களுக்குத் தெரியும். பழைய கார் வாங்கி விற்பவன். வண்டியில் ஸ்டிக்கர் இருந்தால் ஊரே படத்தைப் பார்க்கும், நான் அதற்கு அடியில் என்ன அடி பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். கதவில் புலி பாய்ந்தால், புலிக்குக் கீழே நசுங்கல் இருக்கும். இந்தக் கிட்டாரிலோ, நடு ஓட்டைக்குப் பக்கத்தில், கறுப்பாக, கண்ணீர்த் துளி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம்தான். அழகுக்கு என்றால் இரண்டு பக்கமும் ஒட்டமாட்டார்களா? அடியில் விரிசல்தான் என்று முடிவுகட்டினேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், சந்தேகம் கிட்டாரோடு நிற்கவில்லை. கிட்டாரில் விரிசலை மறைக்கிறவர் வேறு எதைத்தான் மறைக்கமாட்டார்? எனக்கு ஒரே மகள். வண்டி என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், இது அப்படியா?

ஆகவே முறைப்படி சோதித்தேன். முதலில் காந்தம். வண்டியில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் நசுங்கலை நிரப்பிப் பட்டி பூசிய இடம். கிட்டாரில் மேலே வைத்தேன், விழுந்தது. கீழே வைத்தேன், விழுந்தது. "அடியே, உடம்பு முழுக்கப் பட்டிடி!" என்று கத்தினேன். "அது மரங்க" என்றாள் என் மனைவி, தலையைக்கூட நிமிர்த்தாமல். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மகளின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டி, தகட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தேன். "வேணாங்க, சும்மா கெடக்குற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க" என்றாள் மனைவி. "நான் பாக்காத ஸ்டிக்கரா?" என்றேன். வந்தது. தகடும் வந்தது, கூடவே விரல் நீளத்துக்கு மரச் சிராயும் வந்தது.

அடியில் ஒன்றுமே இல்லை, சம்பந்தி. மற்ற இடமெல்லாம் வெளிச்சம் பட்டுப் பழுத்திருக்க, அந்த இடம் மட்டும் அன்றைக்கு இழைத்த பலகைபோல் வெளுத்திருந்தது. பழுது என்று பார்த்தால், நான் பிய்த்த இடம் ஒன்றுதான்.

இசைக்கருவிக் கடைக்காரரிடம் ஓடினேன். "அது பிக்கார்டு சார். மீட்டும்போது கையில புடிக்கிற பிக்கு, அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு, மரத்தைக் கீறாம இருக்க ஒட்டுறது" என்றார்.

"அப்ப எடுத்தது தப்பா?"

"எடுத்துட்டா சத்தம் நல்லா வரும்னு சில பேர் சொல்லுவாங்க. எடுக்கவே கூடாதுன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம் சார்."

இப்படிப் பேசுகிறவர் எப்படித்தான் வியாபாரம் செய்கிறாரோ! வீட்டுக்கு வந்து, காருக்குப் போடுகிற இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்துத் தகட்டைத் திரும்ப ஒட்டினேன். கோணலாக உட்கார்ந்தது. ஆக, இதுவரை எதையும் மறைக்காத தகடு இப்போதுதான் ஒரு பழுதை மறைக்கிறது. வேலை முடிந்து வந்த மகள் அதைப் பார்த்ததும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. கட்டிக்கப்போறவர் பொருள் மேலேயே இவ்வளவு பாசமா என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

தங்கள் மகன் தங்கமானவர். ஒருமுறை வந்தபோது சோபாவில் கிடந்த கிட்டாரைக் கைக்குழந்தைபோல் ஏந்தி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு தடவைகூட வாசித்துக் காட்டவில்லை. அவ்வளவு அடக்கம்! அவரைச் சந்தேகித்ததற்கு அவரிடமும், அவரை வளர்த்த தங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு நேரில் வருகிறேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், கல்யாணத்தில் கை வைத்துவிடாதீர்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி, இன்னும் அதை அவர் வாங்கிக்கொள்வதாக இருந்தால்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் இதைப் படித்துவிட்டாள். கிட்டார் மாப்பிள்ளையுடையது இல்லையாம், அவளுடையதாம். பழையதாக வாங்கி, நான் வண்டி பார்க்கப் போகிற நேரமெல்லாம் வாசிப்பாளாம். மாப்பிள்ளைக்கு ஒரு தந்தியைத் தட்டக்கூடத் தெரியாதாம். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். "சொன்னா உரிச்சுப் பாப்பீங்க. அதான்பா சொல்லல" என்று இடக்கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. ஊரார் வண்டியில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற என் கண்ணில் இது படவில்லை.

ஆகவே, மேலே தங்களிடம் கேட்ட மன்னிப்பு அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது இங்கேயே தேவைப்படுகிறது. மாப்பிள்ளை சொன்னால் கேட்பாள். எனக்காக அவளிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். தகட்டை அவளே பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே வாசித்துக்கொண்டிருக்கிறாள். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தகடு இல்லாமல் சத்தம் கூடியிருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சம்பந்தி. இதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லையே.