அலை மேல் நிற்கக் கிளம்பிய ட்ரங்க்கால் அக்கா

தியாகராய நகரில் அன்று குடியிருந்த அத்தனை பேரிலும், கடல் மேல் எழுந்து நிற்பதற்காகவே கடல் கடந்து போகத் திட்டம் போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ட்ரங்க்கால் அக்கா. மற்ற நாங்களெல்லாம் மெரினாவில் கணுக்காலை நனைத்துவிட்டு, செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தவர்கள்.

எழுபதுகளின் நடுவில், வேலை பார்க்கும் பெண்களுக்கான ஒரு விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அவருடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ட்ரங்க்கால் எனப்படும் வெளியூர் அழைப்புகளை மூன்று நிமிடக் கணக்கில் இணைத்துக் கொடுத்தே பழகியதால், விடுதி வராந்தாவில் யாராவது இரண்டு பேர் வம்பு பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்பார். சொந்த ஊர் எது என்று கேட்டால் "எக்ஸ்சேஞ்ச்" என்பார். அதற்கு மேல் கேட்டால் லைன் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். அக்காவைப் பார்க்க ஒருநாளும் யாரும் வந்ததில்லை. ஆனாலும் நாலு அடிக்கும்போது முகம் கழுவி, பவுடர் போட்டு, முன்கூடத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு பள்ளிக்கூட அட்லஸ். வர வேண்டியவர் கொஞ்சம் தாமதம், அதுவரை படித்துக்கொண்டிருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு தோரணை. அலையேறும் திட்டம் முழுவதும் அந்த பெஞ்சில்தான் உருவாயிற்று.

ஆரம்பித்து வைத்தவர் கொழும்பு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. லைன் தெளியக் காத்திருக்கும் இடைவெளிகளில் பேசிப் பேசிச் சிநேகம். ஒருநாள் அந்தப் பெண் சொன்னாராம்: "எங்கட கிழக்குக் கரையில அறுகம் குடா எண்டு ஒரு இடம் இருக்கு. வெள்ளைக்காரப் பிள்ளையள் பலகையில ஏறி நிண்டு, அலையில வழுக்கிக்கொண்டு கரைக்கு வருதுகள். நீர் வாரும், நாங்களும் போய்ப் பார்ப்பம்."

பார்ப்பம் என்றுதான் அவர் சொன்னார். அக்காவின் காதில் ஏறுவம் என்று விழுந்தது. கொழும்பு லைன் அவ்வளவு மோசம்.

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. சமையலறை அம்மிக் குழவியை எங்கள் அறைக்குக் கொண்டுவந்து தரையில் கிடத்தி, அதன் மேல் இஸ்திரிப் பலகையைப் போட்டு, அதன் மேல் அக்கா ஏறினார். குழவி ஒரு பக்கம் போயிற்று, பலகை ஒரு பக்கம் போயிற்று, அக்கா என் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். முதல் வாரத்தில் அந்தக் கட்டிலில் நான் படுத்ததைவிட அவர் விழுந்ததுதான் அதிகம். கீழ் அறைக்காரர்கள் மேற்கூரை இடிந்து விழுவதாகப் புகார் செய்தார்கள்.

வார்டன் மயிலாப்பூர்க்காரர். மாடியேறி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னடி இது, சர்க்கஸா?"

அக்கா ஒன்று விடாமல் சொன்னார். வார்டன் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"அதெல்லாம் சரி. ஆறு கஜத்தைக் கட்டிண்டு அலையில நின்னா என்ன ஆகும்னு யோசிச்சியோ? மடிசார் கட்டிக்கோ, அவிழாது. எங்காத்துல ஒரு பழைய புடவை கெடக்கு, கொண்டு வரேன்."

போகும்போது குழவியை மட்டும் பறிமுதல் செய்துகொண்டு போனார்.

குழவி போனதால் அக்கா கடலுக்கே போனார். எங்கள் தெருவுக்குக் கூடை தூக்கி வந்த மீன்காரம்மாவின் கணவர், அடையாறு ஊரூர் குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தார். துணைக்கு நானும் போனேன். அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டுமரத்துல குந்திக்கினு போனாலே அலை கவுத்துடுது. நீ இன்னாத்துக்கும்மா எயுந்து நிக்கணும்ன்றே?"

"வேலையெல்லாம் உக்காந்தே பாக்கறேன் நைனா. ஒரு தடவ நிக்கணும்," என்றார் அக்கா.

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. பழைய மரத்துண்டுகள் மூன்றைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோடை முழுவதும் ஞாயிறு காலைகளில் அக்கா மடிசாருடன் அலையில் ஏறினார், விழுந்தார். குப்பத்து ஜனம் வலையில் சிக்கெடுப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. முட்டி போடும் வரை வந்துவிட்டது. நிற்க மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் பாஸ்போர்ட். விண்ணப்பத்தில், அவசரத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்று ஒரு கட்டம். அக்கா அதில் என் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் 'அடுத்த கட்டில்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அப்போ என்னன்னு எழுதறது?" என்று என்னைக் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"தங்கச்சின்னு எழுதுங்கக்கா."

பேனா மூடியைக் கழற்றினார். பிறகு மெதுவாக, நல்ல கையெழுத்தில் எழுதினார். "அப்படின்னா நீயும் வந்துடேன்," என்றார்.

வருகிறேன் என்றேன். எனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கிக்கூட வைத்தேன். அதை நிரப்புவதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அக்காவிடம் அதைச் சொல்ல ஒரு வாரம் தைரியம் வரவில்லை. சொன்னபோது சிரித்துவிட்டார்.

"கொழும்புக்காரியும் நேத்து இதையேதான் சொன்னா. கல்யாணம் ஆகி லண்டன் போறாளாம். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" அட்லஸை மூடிப் பெட்டிக்குள் வைத்தார். "ஒருத்தர்னா சாமான் கம்மி."

இத்தோடு திட்டம் முடிந்தது என்றுதான் விடுதியே நினைத்தது. நான் வைகாசியில் கல்யாணமாகி அசோக் நகருக்குக் குடிபோனேன். ஆனியில் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எழும்பூரில் ராமேஸ்வரம் ரயில் புறப்படும் தேதியும் நேரமும் மட்டும் எழுதியிருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக் கரையின் தலைமன்னாருக்குக் கப்பல். அன்றைக்குப் பார்த்துப் புகுந்த வீட்டில் விருந்து. நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போயிருக்கலாம். சாக்கு ஒன்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் போய் வந்திருக்கலாம்.

அதற்கு மூன்றாவது ஞாயிறு மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, கையில் தேயிலைப் பொட்டலத்தோடு. கூடத்தில் மாமனார், மாமியார், நாத்தனார். காபி குடித்து, வெயிலைப் பற்றிப் பொதுவாகப் பேசிவிட்டு எழுந்தார். வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்க முடிந்தது.

"நின்னீங்களாக்கா?"

"நின்னேன். கடைசி நாள் காலைல. கரை வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன்." குனிந்து செருப்பின் வாரை மாட்டினார். "வந்து பாத்தா கரையில ஒருத்தரும் இல்ல. வெள்ளைக்காரப் பசங்ககூட இன்னும் எழுந்திருக்கல. யார்கிட்ட சொன்னாலும் நம்பப்போறதில்ல, விடு."

இந்தக் கதையை நான் இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். நம்பாதவர்கள், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். பார்த்தேன், கரையில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.