பெண் கை படாத கோடை விழா

அன்றைக்குப் புல்வெளியில் இருந்தவர்கள்: மன்றத்து ஆண்கள் முப்பத்தொன்று. மனைவிமார் இருபத்தாறு. பிள்ளைகள் பதினேழு, அதில் நான்கு பேர் மேசைக்கு அடியிலேயே குடியிருந்ததால் இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. பாதிரியார் ஒருவர். பக்கத்து ஊர் அணிக்குக் கைதட்டுகிற மருமகன்கள் இரண்டு பேர். அவர்களுக்குக் கழிப்பறைக்குப் பக்கத்து மேசை. ஆக எழுபத்தேழு பேர். நாய்கள் மூன்று. உருளைக்கிழங்கு சாலட் பன்னிரண்டு கிண்ணம்.

எண்ணியவர் ஏவால்ட். 'பன்னிரண்டாம் ஆள்' கால்பந்து ரசிகர் மன்றத்தின் தலைவர். மைதானத்தில் ஆடுவது பதினொரு பேர், வெளியே நின்று கத்துகிற நாங்கள்தான் பன்னிரண்டாவது ஆள் என்பது அந்தப் பெயரின் பொருள். ஜெர்மனியில் ரூர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், சாமான் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் விளக்கும் திருகாணியும் எண்ணிக் கொடுத்தவர். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எண்ணுவதை அவர் மூடவில்லை.

இந்த வருஷத்துக் கோடை விழா மற்ற வருஷங்களைப்போல இல்லை. ஒரு பெண்ணின் கையும் படாத விழா. பெண்கள் சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும், ஆண்கள் பரிமாற வேண்டும். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் ஏவால்ட் இதை அறிவித்தபோது மன்றமே மேசையைத் தட்டியது. பெண்கள்மேல் எவ்வளவு மரியாதை என்று பாதிரியார்கூடப் புகழ்ந்தார். மரியாதை இருந்தது உண்மை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. போன வருஷ விழா முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, நாங்கள் இல்லையென்றால் நீங்கள் சாசேஜை உள்ளங்கையில் வைத்துத் தின்பீர்கள் என்று மனைவி ரோஸ்விதா சொல்லியிருந்தாள். சொன்னவள் மறந்திருப்பாள். கேட்டவர் பத்து மாதம் அதைச் சுமந்துகொண்டு நடந்தார்.

கூட்டம் முடிந்து வந்து, அடுக்களையில் அவளிடமும் அறிவித்தார். ரோஸ்விதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"சாலட்டும் நீங்களேவா?"

"சாலட்டும்."

"உருளைக்கிழங்கைத் தோலோட வேக வைக்கணுமா, சீவிட்டு வேக வைக்கணுமா?"

ஏவால்ட் யோசித்தார். "அதைக் குழு கூடி முடிவு பண்ணும்."

"சரி. பன்னெண்டு கிண்ணத்துல எது யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்ணு இருக்கே."

இப்போது கத்தி நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பந்தயம் வச்சுக்கலாமா ஏவால்ட்?"

என்ன பந்தயம் என்று அவருக்குக் கேட்காமலே தெரியும். ஜூலையில் அணி மலைக்குப் பயிற்சிக்குப் போகும். மன்றமும் பேருந்து பிடித்துப் பின்னாலேயே போகும். ஒன்பது வருஷமாக அவர்கள் இருவருக்கும் அதுதான் விடுமுறை. ஏவால்ட் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரோஸ்விதா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, யார் பெற்ற பிள்ளைகளோ கூம்புகளைச் சுற்றி ஓடுவதைப் பார்ப்பாள். அவளுக்குக் கடல் வேண்டும். வடக்கே, கப்பலேறிப் போகிற ஒரு சின்னத் தீவு. காலண்டரில் அந்தப் படம் வந்த மாதத்தை இரண்டு வருஷமாக அவள் திருப்பவே இல்லை.

"விழா முடியறவரைக்கும் நீ எந்தப் பொம்பளைகிட்டயும் போய் உதவி கேட்கலைன்னா, மலை. பத்தாவது வருஷமும் வாயைத் திறக்காம வர்றேன். நீ கேட்டேன்னா, கடல்."

"நான் மட்டுமா, குழு மொத்தமுமா?"

"குழு எனக்கு எதுக்கு? நீ மட்டும்."

கை குலுக்கினார்கள். அவள் கையில் பீன்ஸ் வாசனை.

குழுவில் பன்னிரண்டு பேர். கூடாரம் லோதார், கரி அடுப்பு யுப், பீர் பீப்பாய் இன்னொருவர் என்று ஏவால்ட் பிரித்துக் கொடுத்தார். அது தவிர ஒவ்வொருவரும் தன் கையால் செய்த சாலட் ஒரு கிண்ணம் கொண்டுவர வேண்டும். தோல் விவகாரம் ஒரு கூட்டம் முழுவதையும் தின்றது. ஏழுக்கு ஐந்து என்று தோல் ஜெயித்தது.

விழாவுக்குப் பத்து நாளுக்கு முன், ரோஸ்விதா பாட்டுக் குழுவுக்குப் போயிருந்த நேரத்தில், ஏவால்ட் ஒத்திகை பார்த்தார். நாலு கிலோ கிழங்கு. வெந்தது, வெந்துகொண்டே இருந்தது. வெங்காயம் போட்டுக் கிளறியபோது கரண்டி செங்குத்தாக நின்றது. பிடியை விட்டுப் பார்த்தார், அப்போதும் நின்றது. விழாச் சுவரொட்டிகள் முப்பதை ஒட்ட அது நன்றாகப் பயன்பட்டிருக்கும். பீன்ஸ் கொடிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். மண்ணைத் தட்டிச் சமன் செய்து நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் திருமதி லிசெக் நின்றிருந்தார்.

எழுபத்தெட்டு வயது, முட்டிவலி, கணவர் இல்லை. அவருடைய பிறந்தநாளுக்கு வருஷாவருஷம் போய், அங்கே வைக்கிற உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டு தட்டு தின்றுவிட்டு வருவது ஏவால்டின் வழக்கம். போன தடவை அவர் காதில், யாரிடமும் சொல்லாதீர்கள், என் வீட்டுச் சாலட்டைவிட இது ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லியிருந்தார்.

அந்த நினைவு வந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. ஒரே ஒரு கிண்ணம், ரோஸ்விதாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். திருமதி லிசெக் புதைத்த இடத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்குப் பின்வாசல் வழியா வாங்க. வேற யார்கிட்டயும் போய் நிக்காதீங்க, பாவமா இருக்கு."

இது பந்தயத்தில் சேருமா என்று ஏவால்ட் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். திருமதி லிசெக் மன்றத்தில் இல்லை. எந்த அணிக்கும் கைதட்டியதில்லை. கால்பந்தைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் இருப்பதாகவே கணக்கில்லை. சேராது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பூராவும் ரோஸ்விதா வீட்டில் இல்லை. திருமதி லிசெக்குக்குத் திரைச்சீலை மாட்டிக்கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவள்மேல் வெங்காய வாசனை அடித்தது. திரைச்சீலைக்கும் வெங்காயத்துக்கும் என்ன உறவு என்று ஏவால்ட் கேட்கவில்லை. மடியில் ரகசியம் இருப்பவர் மற்றவர்களைத் துருவ மாட்டார்.

விழா அமோகமாக நடந்தது. வெயிலும் சரியாக வந்தது. பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து, பரிமாறியவர்களை இன்னொரு தடவை நடக்கவிட்டு ரசித்தார்கள். சாலட்டைத் தின்று வியந்தார்கள். லோதாரின் மனைவி, இந்தக் கை இருபத்தொன்பது வருஷமாக எங்கே ஒளிந்திருந்தது என்று கணவனின் கையைத் தூக்கிக் காட்டினாள். ஏவால்ட் கொண்டுவந்த பூப்போட்ட பீங்கான் கிண்ணம் எல்லாவற்றுக்கும் முந்திக் காலியானது. அவருக்கே ஒரு வாய் கிடைக்கவில்லை.

நாலு மணிக்குத்தான் ஒரு தட்டோடு நின்றார். லோதார் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி போட்டு வாயில் வைத்தார். பொடியாக நறுக்கிய ஆப்பிள். கொஞ்சம் கடுகு விழுது. ஊறுகாய் வெள்ளரி. முப்பத்தாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தின்கிற ருசி. யுப் கிண்ணத்தில் எடுத்தார். அதே ருசி. மூன்றாவது, நான்காவது, அதேதான்.

லோதாரைத் தனியாக ஓரங்கட்டினார்.

"இதுல ஆப்பிள் போட்டியா?"

"ஆப்பிளா?" லோதாரின் காது சிவந்தது. "போட்டிருப்பேன்."

"தோலோட வேக வச்சியா?"

"குழு சொன்னபடிதான்."

ஏவால்டுக்கு விளங்கிவிட்டது. அவரவர் மனைவியிடம் கேட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ரோஸ்விதா வாய் இறுக்கமானவள். பதினொரு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவளிடம் போயிருக்கிறார்கள். சொந்த மன்றத்திலேயே பதினொரு கோழைகள். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவர்கள் கேட்டதற்குப் பந்தயத்தில் இடமில்லை, அவர் அவளிடம் கேட்கவில்லை. பீப்பாய்மேல் ஏறி நின்று, ஆண்களால் முடியாதது ஒன்றுமில்லை என்று பேசினார். ரோஸ்விதாதான் முதலில் கைதட்டினாள்.

பாத்திரம் கழுவுவதும் ஆண்கள் பொறுப்பு. சூரியன் கோல் கம்பத்துக்கு மேல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் கழுவிக் கொடுக்க, ஏவால்ட் கிண்ணங்களைத் துடைத்துக் கவிழ்த்தார். அப்போதுதான் பார்த்தார்: ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு. அந்த ஊர்ப் பெண்கள் எந்த விழாவுக்குக் கிண்ணம் கொண்டுபோனாலும் அடியில் இப்படிப் பெயர் எழுதி ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் கிண்ணம் வீடு வந்து சேராது. ஒருநாளும் கழுவாத ஆண்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

ரோஸ்விதாவின் கையெழுத்து. '2, லோதார்.' '3, யுப்.' அவளிடம் வந்த வரிசை போலிருக்கிறது. ஏவால்ட் ரசித்துக்கொண்டே கவிழ்த்தார். பன்னிரண்டுவரை இருந்தது. ஒன்று இல்லை. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். கிடங்கில் எண்ணிப் பழகிய கை விடவில்லை. மேசையில் மிச்சம் இருந்தது பூப்போட்ட பீங்கான் கிண்ணம்தான்.

மெதுவாகக் கவிழ்த்தார். '1, ஏவால்ட். லிசெக் வீட்டு வழி.'

"எண்ணிக்கை சரியா இருக்கா?" பின்னால் ரோஸ்விதா நின்றிருந்தாள்.

"இருக்கு."

"அவங்களுக்குச் சமைக்கவே வராது ஏவால்ட். முப்பது வருஷமா அந்த வீட்டுப் பிறந்தநாள் சாலட் நான் பண்ணிக் கொடுக்கறது."

ஏவால்ட் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப நான் அவங்க காதுல சொன்னது..."

"அன்னிக்கே சொல்லிட்டாங்க. ஒரு படி மேலன்னு." அவள் துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் லோதார்கிட்ட ஒண்ணும் கேட்காத, பாவம், அவன் பொண்டாட்டி இன்னிக்குத்தான் அவனைப் புகழ்ந்திருக்கா. வா, மத்தியானத்துலேர்ந்து சரியா ஒண்ணும் சாப்பிடல நீ."

வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் திறந்தார். மூடி போட்ட கிண்ணம் ஒன்று இருந்தது. பழக்கம் ஒரே நாளில் தொற்றிக்கொண்டது; தூக்கி அடியைப் பார்த்தார். '13, ஏவால்டுக்கு. கப்பலில் சாப்பிடக்கூடாது, இப்போதே சாப்பிடவும்.'

ஆக, விழாவில் மிச்சம்: சாசேஜ் ஒன்பது, பன் பதினான்கு, சாலட் ஒரு கிண்ணம், கப்பலுக்கு நாட்கள் இருபத்திரண்டு.