மூன்று ப்ளக்கில் ஓர் ஊர்வலம்

மூன்று ஸ்பார்க் ப்ளக்குகள் கழன்றுவிட்டன. நான்காவது அசைவேனா என்றது. முன்னறையில் மாமனார் பெட்டிக்குள் படுத்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு கண்ணால் அவரையும் மறு கண்ணால் கார் ஷெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எள் அளவு திருகாணிகளோடு மட்டுமே பழக்கம். ஆனால் காலையில் மாமியார் தனியே அழைத்து, தன் பழைய காரிலேயே போக வேண்டும் என்பதுதான் மாமாவின் கடைசி ஆசை என்று சொல்லியிருந்தார். அதை எப்படித் தட்டுவது? பின்சீட்டைக் கழற்றினால் பெட்டியை நீட்டி வைக்கலாம், அவ்வளவு நீளமான வண்டி. கிளம்பத்தான் மறுத்தது. திறந்து பார்த்தால் ப்ளக்குகளில் கரி அப்பிக் கிடந்தது. மச்சினன் ஓடிப்போய்ப் புதியவை வாங்கி வந்தான்.

மாப்பிள்ளை ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து நெம்பினார். 'டக்' என்றது. பாதி ப்ளக் கையோடு வந்தது. மீதி, ஈறுக்குள் உடைந்த பல் மாதிரி எஞ்சினிலேயே நின்றுவிட்டது.

"அப்பா மட்டும் இப்ப இருந்திருந்தா..." என்றான் மச்சினன்.

"இருந்திருந்தா எனக்கு ஏன்டா இந்த வேலை?"

சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் உடைந்த துண்டு இன்னும் இறுகிக்கொண்டது. மூன்றை வைத்தே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்து, புதிய ப்ளக்குகளை மாட்டினார். எந்த வயர் எதற்கு என்று கழற்றும்போது பார்த்து வைக்கவில்லை. குத்துமதிப்பாகச் செருகிச் சாவியைத் திருப்பினார்.

வெடித்த வெடியில் வாசலில் இருந்தவர்கள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்கள். கரும்புகை சன்னல் வழியாக முன்னறைக்குள் போனது. மனைவி கைக்குட்டையால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

"அவர் உயிரோட இருந்தப்பகூட நீங்க இவ்வளவு படுத்தலைங்க."

வயர்களை மாற்றி மாற்றிச் செருகியதில் எஞ்சின் ஒருவழியாக இருமிக்கொண்டே எழுந்தது. அணைத்தால் தீர்ந்தது கதை என்று, அவசர அவசரமாகப் பெட்டியை ஏற்றினார்கள். மாமியார் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். குலுங்கலில் பெட்டி முன்னும் பின்னும் போய்வர, பாதி மேட்டில் வண்டி படுத்துவிட்டது. பின்னால் நடந்து வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் தள்ளத் தொடங்கினார்கள். இடுகாட்டை அடைந்தபோது துக்கத்தில் அழுதது யார், மூச்சு வாங்கியது யார் என்றே தெரியவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. கரிக் கையோடு மாப்பிள்ளை குழிமேட்டின் அருகே நின்றார். மனிதர் வாழ்நாளில் தன்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் இப்படிச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமே என்று நொந்துபோனார்.

"மன்னிச்சிடுங்க அத்தை. மாமாவோட கடைசி ஆசையைக்கூட என்னால ஒழுங்கா நிறைவேத்த முடியல."

மாமியார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் ஒரு ஆசையும் சொல்லல, மாப்பிள்ளை. அந்த வண்டியில ஒரு தடவையாவது அவர் வாயைத் திறக்காம வரணும்னு, எனக்குத்தான் ஆசை."