பினாயில் ஒத்துக்காத கிராணி

மூச்சை அடக்கிக்கொண்டு எழுபத்திரண்டு வரை எண்ணிவிட்டான் தனசேகரன். தரை துடைக்கும் முத்தாயி அவன் மேசையைத் தாண்ட இன்னும் நாலடி இருந்தது. எழுபத்து மூன்றில் இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் தளும்பி, தலை சுற்றி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ள வைக்கும் இருமல்.

பக்கத்து மேசை ஒலி முகம்மது சட்டென்று எழுந்து வெளியே போனார். பின்னாலேயே, கணக்கும் கடிதமும் எழுதும் மற்ற மூன்று கிராணிகளும் போனார்கள். தன் இருமலுக்குப் பயந்துதான் என்று தனசேகரன் நினைத்துக்கொண்டான்.

சிராங்கூன் ரோட்டில் ஜலாலுதீன் ஜவுளி கம்பெனியின் மாடி அது. அதற்கு முந்தின வருஷம், அதாவது ஐம்பத்தேழில், ஊரையே படுக்கப்போட்ட காய்ச்சலுக்குப் பயந்து முதலாளி ஒரு பீப்பாய் பினாயில் வாங்கிப் போட்டார். காய்ச்சல் போய்விட்டது. பீப்பாய் போகவில்லை. தினம் இருவேளை தரையெல்லாம் பினாயில்தான். முதலில் அது மட்டும்தான் தனசேகரனுக்கு ஆகவில்லை. போகப் போக மண்ணெண்ணெய், புதுத்துணியின் கஞ்சி, மனைவியின் முகப்பவுடர் என்று பட்டியல் நீண்டது.

அந்தக் காலத்தில் இருமுகிறவனுக்கு ஜலதோஷம் என்று யார் நினைத்தார்கள்? காசநோய் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் நலமே விசாரிப்பார்கள். பக்கத்துக் கிடங்கில் இருமிய ஒருவரை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். தனசேகரனுக்கு வேலை போனால் வீடும் போகும். பஃபலோ ரோட்டில் அவன் குடியிருந்த அறை முதலாளியுடையது. மனைவி சிவகாமசுந்தரிக்கு அப்போது ஏழாம் மாதம்.

கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு மூக்கில் கட்டிப் பார்த்தான். தைலமும் ஆகவில்லை. இருமலோடு தும்மலும் சேர்ந்துகொண்டது. மேசையை ஜன்னலோரம் தள்ளிப் போட்டுக்கொண்டான். ஆள் ஒதுங்கி உட்காருகிறானே, என்னமோ இருக்கிறது என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜன்னலோரம் மட்டும் மூன்றுவேளை துடைக்கச் சொல்லிவிட்டார்.

இவன் இரும இரும அவர்கள் பினாயில் ஊற்றினார்கள். அவர்கள் ஊற்ற ஊற்ற இவன் இருமினான். இதற்கு முடிவு கிடையாது என்று தெரிந்ததும், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதலாளியிடமே போய் நின்றான்.

"மொதலாளி, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. இந்தப் பினாயில்தான் ஒத்துக்கல."

ஜலாலுதீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பினாயில் ஒத்துக்காதது கிருமிக்குத்தான் தம்பி" என்றார்.

அன்று மாலையிலிருந்து அவன் நாற்காலிக் காலையும் துடைத்தார்கள்.

கடைசியில் முத்தாயியைக் கெஞ்சினான். அவளுக்கு இரக்க மனசு. மறுநாள் வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். மத்தியானத்துக்குள் எட்டுக் கடிதம் எழுதினான். ஒலி முகம்மதுகூட அன்று எழுந்து வெளியே போகவில்லை. ஆனால் மூன்று மணிக்கு மாடியேறி வந்த முதலாளிக்கு வாசனை குறைவது தெரிந்துவிட்டது. முத்தாயியைத் திட்டினார். வாளியைத் தானே தூக்கி இரண்டு பங்காக ஊற்றிவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். என்னைக் கண்டு வாயைப் பொத்துகிறார் என்று தனசேகரன் இடிந்துபோனான்.

வீட்டில் சிவகாமசுந்தரி சோற்றைப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துருங்க. எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கலாம்" என்றாள். அவளுக்குப் பயம். அவனுக்கும்தான் பயம். பினாயில் பினாயில் என்று தானே தன்னை ஏமாற்றிக்கொள்கிறோமோ, நிஜமாகவே அதுவாக இருந்துவிட்டால்?

பல் வலி என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு எக்ஸ்ரே நிலையத்துக்குப் போனான். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு பஸ் மாறிப் போனான். பஸ் புகைக்கு வழியெல்லாம் இருமினான். பக்கத்து இருக்கைக்காரர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் முடிவு வாங்கப் போனான். சீட்டு கொடுக்கும் மாணிக்கம், தமிழர், அவன் பெயரைத் தேடி எடுத்துப் படித்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்லை."

தனசேகரனுக்கு அழுகை வந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் பயம் திரும்ப வந்தது. இங்கே வந்து போனது தெரிந்தாலே போதுமே, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எவன் கேட்கப்போகிறான்? திரும்பப் போய் மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நான் ஜலாலுதீன் ஜவுளி கம்பெனில கிராணி. நான் இங்க வந்தது எங்க மொதலாளிக்கு மட்டும் தெரியக் கூடாது."

மாணிக்கம் பேனாவைக் கீழே வைத்தார்.

"பயப்படாதீங்க லா, உங்க கம்பெனிலேர்ந்து இந்த மாசம் இருமிக்கிட்டே வந்ததுல நீங்க ஆறாவது ஆளு, ஆறு பேருக்கும் நெஞ்சு சுத்தம், மொத ஆளா வந்த உங்க மொதலாளியே, 'எங்க கிராணிங்களுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டு ஓடிருவானுங்க, சொல்லிராதப்பா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாரு."